கலைமணிக்குச் சிவப்பு, செங்கோடனுக்குப் பச்சை

கலைமணியின் தொண்டையைப் பற்றிக் குமாரபாளையத்தில் ஒரு கேலி உண்டு. அவள் வாசலில் நின்று "ஏனுங்!" என்று புருஷனைக் கூப்பிட்டால், பாலத்துக்கு அந்தப்பக்கம் பவானியில் நாலு புருஷன்மார் பதறிப்போய்த் திரும்பிப் பார்ப்பார்களாம்.

கேலி செய்கிறவர்களின் தொண்டையும் ஒன்றும் புல்லாங்குழல் இல்லை. விசைத்தறிப் பட்டறைக்குள் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இருபது தறிகள் ஒரே கூரைக்குக் கீழே படபடவென்று அடித்துக்கொள்ளும்போது பக்கத்தில் நிற்பது பெற்ற பிள்ளையே ஆனாலும் பேச்சு காதில் விழாது. தாவணி போட்ட வயதில் அந்தச் சத்தத்துக்குள் நுழைந்த கலைமணி, தலை நரைக்கத் தொடங்கியும் அதற்குள்தான் நிற்கிறாள். பகலெல்லாம் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, வீட்டுக்கு வந்ததும் வீணை வாசிக்குமா? "சோறு போடட்டுமா?" என்று அவள் அன்பாகக் கேட்பதே, தெரியாதவர்களுக்குக் கழுத்தைப் பிடிப்பது போல இருக்கும்.

அவள் புருஷன் செங்கோடன் இதற்கு நேர்மாறு. அதே பட்டறையில் எதிர் வரிசையில் தறி ஓட்டுகிறவர்தான். ஆனால் அவர் வாயால் பேசுவதை விடக் கையால் பேசுவதுதான் அதிகம். பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கைப்பேச்சு தெரியும். கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். இரண்டு விரலைச் சொடுக்கிப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே அழுத்தினால் தறியை நிறுத்து.

இவற்றோடு செங்கோடனுக்கென்றே சொந்தமாக ஒன்று இருந்தது. கலைமணி ஏதாவது கத்த ஆரம்பித்தால், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, மாரியாத்தாளைக் கும்பிடுவது போலக் கும்பிடுவார். 'போதும் தாயே, மலையேறு' என்று அர்த்தம். பட்டறையே சிரிக்கும். கலைமணியும் சிரித்துவிடுவாள். அப்படித்தான் அந்தக் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

பொங்கல் கழிந்த பிறகு அந்தக் கைகள் ஓய்ந்துபோயின.

முதலில் கலைமணிக்குப் புரியவில்லை. கத்திப் பார்த்தாள், கும்பிடு வரவில்லை. இன்னும் கொஞ்சம் கத்திப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சோறு காய்ந்தது. வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் டீயைக் கொடுத்துப் பார்த்தாள், குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார். சிங்கப்பூரில் வேலையில் இருக்கும் மகன் போன் செய்தால், "நல்லா இருக்கறன் சாமி, அம்மாகிட்ட பேசு" என்று ஒரே மூச்சில் முடித்துக்கொண்டார். ஒரு மாலையில் கடைக்குப் போனவரைக் காணவில்லை என்று தேடிப்போனபோது, காவிரிப் பாலத்தின் ஓரத்தில் தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தார். தோளில் கை வைத்தாள். திரும்பவில்லை. ஊருக்கே கேட்கிற குரலில் அவள் "ஏனுங்!" என்று அலறிய பிறகுதான், தூக்கத்திலிருந்து எழுந்தவர் போல, "வாரேன்" என்றார்.

அன்று பிடித்த பயத்தை அவள் எவரிடம் சொல்லவில்லை? எவர்தான் கேட்டார்?

செங்கோடனின் தம்பி ரமேஷ்குமாரிடம் போனில் சொன்னாள். சேலத்தில் துணிக்கடை வைத்து, அஸ்தம்பட்டியில் மாடி வீடு கட்டிவிட்டவன்.

"அண்ணி, காதுல போனை வெச்சுட்டுக் கத்தாதீங்க. அண்ணன் எப்பவும் கம்முனு இருக்கறவர்தானே? நீங்க பேசி முடிச்சாத்தானே அவருக்கு வாய் தெறக்க எடம் கெடைக்கும்!"

பக்கத்துத் தறி சுப்பம்மாளிடம் சொன்னாள்.

"ஆம்பள கம்முனு கெடந்தா சாமிக்குத் தேங்காய் ஒடைப்பாங்க. நீ என்னடின்னா அழுவுற!" என்றாள் அவள்.

உலகம் இப்படித்தான். உரக்கச் சொல்பவளின் உண்மையை ஒருவரும் நம்புவதில்லை. சத்தம் போட்டாளே, பொய்யாகத்தான் இருக்கும் என்று தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஜெயப்பிரியா வந்து சேர்ந்தாள், கையில் ஒரு கருவியோடு.

ஜெயப்பிரியா ரமேஷ்குமாரின் மனைவி, கலைமணிக்கு ஓரகத்தி. அஸ்தம்பட்டியில் 'மனத்துணை' என்று ஒரு ஆலோசனை நிலையம் திறந்திருந்தார்கள். அதில் அவளுக்கு ஒருங்கிணைப்பாளர் பதவி. சில வாரப் பயிற்சியில் வாங்கிய சான்றிதழைக் கண்ணாடி போட்டு, பூஜையறைக்கு எதிரே மாட்டியிருந்தாள். அங்கே இருந்த பெருமைக்குரிய பொருள் ஒரு செயலி. செயற்கை நுண்ணறிவாம். அதன் முன்னால் உட்கார்ந்து சில நிமிடம் பேசினால் போதும். குரலைக் கேட்டே மனதில் என்ன நோய் என்று சொல்லிவிடுமாம். பச்சை வந்தால் நலம், மஞ்சள் வந்தால் கவனம், சிவப்பு வந்தால் ஆபத்து. நாடி பிடிக்க வேண்டாம், கண்ணைப் பார்க்க வேண்டாம், 'என்னாச்சு சாமி?' என்று பக்கத்தில் உட்கார வேண்டாம். அடடா, மனிதனுக்கு எவ்வளவு மிச்சம்!

தறித் தொழிலாளர்களுக்கு இலவச முகாம் என்று சொல்லி, பட்டறைக்குப் பக்கத்தில் துண்டு மூட்டைகள் அடுக்கும் அறையில் மேசை போட்டார்கள். மாலை, குத்துவிளக்கு, பொன்னாடை. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலோடு ஒரு வார்டு கவுன்சிலர். மேசைமேல் ஒரு தாங்கியில் போன். திரையில் ஒரு பெண்ணின் முகம் சிரித்துக்கொண்டே இருந்தது. பேசுகிறவர் அழுதாலும் சிரிக்கும் முகம்.

கலைமணி முகாமுக்கு வந்ததே செங்கோடனுக்காகத்தான். "அவரு வரமாட்டாரு, நான் மொதல்ல உக்கார்றேன், பாத்துட்டு உக்காருவாரு" என்று ஜெயப்பிரியாவிடம் சொன்னாள்.

"அக்கா, மெதுவா பேசுங்க, போதும்," என்றாள் ஜெயப்பிரியா.

"கடந்த வாரத்தில் உங்கள் மனநிலை எவ்வாறு இருந்தது என்பதை விவரியுங்கள்," என்றது போன்.

கலைமணி காது கேட்காதவரிடம் பேசுகிறவள் போலக் குனிந்தாள். "ஏங் கண்ணு, நாம் பேசறது கேக்குதா?"

"நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

கேட்டுக்கொண்டிருக்கிறேன்! இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்ன முதல் ஆள் அந்தப் போன்தான். கலைமணி இன்னும் கிட்டே குனிந்தாள். அடுத்து வந்த குரல் கூரையில் போய் முட்டியது.

"எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு! அவருக்குத்தான்! திங்க மாட்டேங்கறாரு, தூங்க மாட்டேங்கறாரு! கை ஆட மாட்டேங்குது! பாலத்துல போயி நின்னுட்டாரு! சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க! நீயாச்சும் பாரு சாமி! அவரைப் பாரு!"

ஒரு மனைவி தன் புருஷனின் நோயை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? வார்த்தை வார்த்தையாக அதன் காதில் ஓதினாள். அது என்ன செய்தது? அவள் சொன்னதை விட்டுவிட்டு, சொன்ன சத்தத்தை அளந்தது. சுருதியை அளந்தது. மூச்சை அளந்தது. திரை சிவந்தது.

'மிகை மனக்கிளர்ச்சி. கட்டுக்கடங்காத கோபத்தின் அறிகுறிகள். உடனிருப்போர் கவனம் தேவை.'

அடுத்து செங்கோடனை உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கத்து மனுசர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் வந்து நலமா என்று கேட்டால், வீட்டுக்குள் பிணமே கிடந்தாலும் 'நல்லா இருக்கறோமுங்க, நீங்க?' என்றுதான் சொல்வார்கள். வந்தவரிடம் தன் குறையைச் சொல்வது மரியாதை இல்லை. போன் வெளியாள்தானே?

"கடந்த வாரத்தில் உங்கள் மனநிலை எவ்வாறு இருந்தது?"

"நல்லா இருக்கறனுங்க."

"உறக்கம் எப்படி உள்ளது?"

"அதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க சாப்டீங்களா?" என்றார் போனைப் பார்த்து.

முகாமே சிரித்தது. திரையில் பச்சை மலர்ந்தது. 'அமைதியான, சமநிலையான மனம். சமூக அக்கறை சிறப்பு.'

ஜெயப்பிரியா கை தட்டினாள். "மாமாவுக்கு நூத்துக்குத் தொண்ணூத்தாறு! இந்த முகாம்லயே அவருதான் டாப்பு!"

உள்ளே உருக்குலைந்துகொண்டிருந்தவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். காப்பாற்றுங்கள் என்று கதறியவளுக்குச் சிவப்பு. பார்த்துக்கொண்டிருந்த தெய்வம் என்ன நினைத்ததோ!

"சத்தம்னா பட்டறைச் சத்தமாயிருக்கும், பக்கத்துலயே தறி ஓடுது பாரு," என்று சுப்பம்மாள் சொல்லிப் பார்த்தாள்.

"வெளிச் சத்தத்த அது தானாப் பிரிச்சு எடுத்துரும் அக்கா. இது அவங்க உள்ள இருக்கற சத்தம்," என்றாள் ஜெயப்பிரியா, மந்திரம் கற்றவள் போல.

மறுநாளிலிருந்து கலைமணி ஒரு காட்சிப்பொருள் ஆனாள். சொந்தக்காரர்கள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் அவளை விட்டுவிட்டு, "பாவம் மாப்பிள்ளை, எத்தனை வருசமாப் பொறுத்துப் போனீங்களோ!" என்று செங்கோடனின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் "நல்லா இருக்கறமுங்க" என்றார். முகாமுக்கு முன்பு அவள் கத்தினால் அது குரல். முகாமுக்குப் பின்பு அவள் கத்தினால் அது வியாதி! வாசலில் கொத்தமல்லிக்காரனிடம் கட்டு சிறிசு என்று சண்டை போட்டாள். எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

ரமேஷ்குமார் போனில் தீர்ப்புச் சொன்னான். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் கொஞ்ச நாள் எங்கூட இருக்கட்டும். மேல்மாடி ரூம் காலியாத்தான் இருக்குது. தனியா, அமைதியா, யார் தொந்தரவும் இல்லாம இருப்பாரு. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போறேன்."

தனியாக. அமைதியாக. கலைமணிக்குப் பாலத்து ஓரம் கண்ணில் வந்தது. மேல்மாடியில் ஒரு மனுசனை விட்டுக் கதவைச் சாத்தினால், 'ஏனுங்' என்று அலற அங்கே யார் இருக்கிறார்கள்?

ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதுதான் கொடுமை. அவளும் அந்தச் சிவப்பை நம்பிவிட்டாள். படித்தவர்கள் செய்த கருவி, பொய் சொல்லுமா? ஒருவேளை நான்தான் இவரைக் கத்திக் கத்தியே இப்படி ஆக்கிவிட்டேனோ? நான்தான் அந்த நோயோ?

கத்துவதை நிறுத்தினாள்.

பட்டறையில் உதட்டை மட்டும் அசைத்தாள். வீட்டில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தாள். டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள். அந்த வீட்டில் அத்தனை அமைதி அதற்கு முன் இருந்ததே இல்லை. கடிகாரம் ஓடுவது கேட்டது. 'மனத்துணை' நிலையத்தார் வந்து பார்த்திருந்தால் சுவருக்கும் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் செங்கோடன் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அவராக அவளைத் தேடி வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"கலை."

அவள் நிமிர்ந்தாள்.

"ஏன் பேசமாட்டேங்கற?"

"நாங் கத்தறது உங்களுக்கு ஆகாதாமுங்க," என்று கிசுகிசுத்தாள். "மிஷினு சொல்லுது."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நீ கத்தறப்பத்தான் நான் ஊட்டுக்குள்ள இருக்கறன்னு தெரியும். இப்ப அதுவும் தெரியமாட்டேங்குது," என்றார்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் பாயில் சுருண்டுகொண்டார். கலைமணி அடுப்பை அணைத்தாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். சிவப்பாம் சிவப்பு!

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. ஜெயப்பிரியா சாத்துக்குடிப் பையோடு இறங்கினாள். ரமேஷ்குமார் அண்ணனின் துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"மாமா, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கறன் சாமி."

"பாத்தீங்களா அக்கா? எவ்வளவு தெளிவாப் பேசறாரு!"

அடைத்து வைத்திருந்த மடை அந்த இடத்தில் உடைந்தது.

"தெளிவா? எதுடி தெளிவு? கெணத்துல கல்லு விழுந்தாக்கூடத் தொபுக்குனு ஒரு சத்தம் வரும்! இந்த மனுசனுக்குள்ள ஒண்ணும் வரல, அதுக்குப் பேரு தெளிவா?"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ரமேஷ்குமார் கூசிப்போய், "அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க," என்றான்.

"பாக்கட்டும்! உங்க மிஷினு பாக்காதத அவங்களாச்சும் பாக்கட்டும்!" கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஏந் தம்பி, எனக்குத்தானே சிவப்பு? எனக்குத்தானே வைத்தியம் பாக்கோணும்? செரி, வாரேன்! இப்பவே கூட்டிட்டுப் போ, டாக்டர்கிட்ட! கிறுக்கச்சிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப கூட ஒரு ஆளு வரோணுமில்ல? அவரு எங்கூட வரட்டும்!"

இதற்கு ஜெயப்பிரியாவால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. அவளுடைய கருவி சொன்னதுதானே! காரை அஸ்தம்பட்டி மாடிக்குப் பதிலாகச் சேலத்தில் ஒரு மனநல மருத்துவமனைக்கு விட்டார்கள். கலைமணி நோயாளி. செங்கோடன் துணைக்கு வந்தவர்.

மருத்துவர் நடுவயதுப் பெண். கலைமணி பேசத் தொடங்கியதும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு, "தறி ஓட்டறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க! எப்படிங்க தெரியும்?"

"வெளியில காத்திருக்கிற எல்லாருக்குமே தெரிஞ்சிருக்கும்மா."

ஜெயப்பிரியா போனை நீட்டினாள். மருத்துவர் சிவப்பைப் பார்த்தார். திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். அடியில், எறும்பு அளவு எழுத்தில், 'இது நோய் நிர்ணயம் அன்று. மருத்துவரை அணுகவும்' என்று இருந்தது.

"இத நீங்க படிக்கலையா?"

"அது... எல்லாத்துலயும் போடறதுதானுங்களே."

"காய்ச்சலான்னு நெத்தியத் தொட்டுப் பாக்கறதுக்கு இது உதவும்மா. தொட்ட உடனே தீர்ப்புச் சொல்றதுக்கில்ல." பிறகு ஓரமாக உட்கார்ந்திருந்தவர் பக்கம் திரும்பினார். "நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கறனுங்க. நீங்க சாப்டீங்களா?"

மருத்துவரின் முகம் மாறியது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். அதே மரியாதை, அதே பதில். மருத்துவரும் வெளியாள்தானே! வாயைத் திறந்தால் அவருக்கு வரவேற்பு மட்டும்தான் வரும்.

கலைமணிக்குத் தாங்கவில்லை. அறைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த புருஷனை, பட்டறையில் எதிர் வரிசையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. கையைத் தூக்கி, இரண்டு விரலைச் சொடுக்கிப் பிரித்துக் காட்டினாள். நூல் அறுந்துபோச்சா?

செங்கோடன் அந்தக் கையையே பார்த்தார். வாய்க்குத்தான் மரியாதை தெரியும். கைக்குத் தெரியாது. அவர் வலக்கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்தார். கீழே அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். மறுபடியும்.

"என்ன சொல்றாரு?" என்றார் மருத்துவர்.

"தறிய..." ஊருக்கே கேட்கிற அந்தத் தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. "தறிய நிறுத்தச் சொல்றாருங்க." சொல்லிவிட்டு மேசைமேல் தலையை வைத்து அழுதாள்.

செங்கோடனும் அழுதார். மாதக்கணக்கில் அழாத அழுகை. ரமேஷ்குமார் அண்ணனின் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். பச்சை வாங்கிய செங்கோடனின் மனம் அப்படித்தான் இருந்தது.

மருத்துவர் துணைக்கு வந்தவரின் பெயரில் சீட்டு எழுதினார். ஆழ்ந்த மனச்சோர்வு என்றார். மருந்து உண்டு, நேரம் எடுக்கும், தனியாக விடக்கூடாது என்றார். கலைமணி தன் சிவப்பைப் பற்றிக் கேட்டாள். "தறிச் சத்தத்துல கெட்ட உங்க காதைத்தாம்மா காட்டணும். காது டாக்டருக்கு எழுதித் தர்றேன்," என்றார்.

மருந்து ஒரே நாளில் மாயம் செய்துவிடவில்லை. தொடர்கதையில்தான் அப்படி நடக்கும். சோறு மெல்ல இறங்கியது. தூக்கம் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒருநாள் டீயைக் குடித்துவிட்டு, "சக்கரை இல்ல," என்றார். கலைமணி டப்பாவை எடுத்த அவசரத்தில் பாதிச் சர்க்கரை தரையில் போனது.

இவ்வளவுக்கும் பிறகு 'மனத்துணை' நிலையம் வெட்கப்பட்டதா? வெட்கமா! அஸ்தம்பட்டியில் ஒரு பெரிய பதாகை வைத்தார்கள். 'எங்கள் சிவப்பு எச்சரிக்கையால் காப்பாற்றப்பட்ட குமாரபாளையம் குடும்பம்.' தப்பான ஆளுக்குக் கொடுத்த சிவப்பு தற்செயலாகச் சரியான ஆளை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு, விழாவும் எடுக்கப் போகிறார்களாம். கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல்லில் மாங்காய் விழுந்தால், எறிந்தவன் தோப்புக்காரன் ஆகிவிடுகிறான்!

ஜெயப்பிரியா போனோடு பட்டறைக்கே வந்துவிட்டாள், கலைமணி வாயால் நாலு நல்ல வார்த்தை பதிவு செய்துகொள்ள. தறிகள் டீ வேளைக்கு நின்றிருந்த நேரம்.

"அக்கா, எங்க செயலியால என்ன நன்மைன்னு சொல்லுங்க. கொஞ்சம் மெதுவா."

கலைமணி போனுக்குக் குனிந்தாள்.

"ஏங் கண்ணு! அன்னைக்கே அவரப் பாரு, அவரப் பாருன்னு தொண்டை கிழியச் சொன்னனே! கேட்டுட்டு இருக்கறன்னு சொன்னியே! என்னத்தடி கேட்ட? எம் புருசன் உன்னச் சாப்டியான்னு கேட்டாரு. நீ அவரத் திருப்பிச் சாப்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டியாடி? கேட்டிருந்தா—"

திரை சிவக்கத் தொடங்கியது. ஜெயப்பிரியா பதறிப் போனைப் பிடுங்கினாள். கலைமணி விடவில்லை, குரல் கூரையைத் தொட்டது. சுப்பம்மாள் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு எதிர் வரிசையைக் காட்டினாள். பட்டறை முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது.

எதிர்த் தறிக்குப் பக்கத்தில், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, செங்கோடன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.